வியாழக்கிழமை பாட்டில்

"பூட்ஸ் வாங்கிக் குடுத்தோம், கிளவுஸ் வாங்கிக் குடுத்தோம், எடுத்து மாட்டிக்கிறதுக்கு என்ன கேடு அவளுக்கு?"

இப்படித்தான் கேட்டாள். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில், சியாமளா எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் சும்மா இருப்பேனா? "கேடு அவளுக்கு இல்லை, உன் நாக்குக்கு" என்றேன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். கேட் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள். காலில் ஊசி குத்தி ஒரு பெண் நொண்டிக்கொண்டு நிற்கிறாள், அவளைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது?

யாரென்று சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், என் பழக்கம் அப்படி. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதோ, ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே வரிசையில் பச்சைப் புடவை, இடது காலைச் செருப்பில் பாதி வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவளோடு வந்திருக்கிறேன். பெயர் தனக்கொடி. எங்கள் அடுக்குமாடியில் குப்பை எடுக்கிறவள். நான் அங்கே இரண்டாவது மாடி. வசுமதி. வேலை என்று ஒன்றும் இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர் இருந்தார். பென்சில் சீவின தூளைத் தரையில் போட்டால் நாக்கால் பொறுக்க வைப்பேன் என்பார். ஒரு நாளும் வைக்கவில்லை. வைக்கக்கூடியவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அது போதும். ஒழுங்கு அப்படித்தான் வரும். மனிதர்களுக்கு நல்ல வார்த்தையில் எதுவும் ஏறாது.

அதனால்தான் ஜூன் மாதம் நான் வகுப்பு ஆரம்பித்தேன். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணி, ஒன்பது வாரம், எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது வந்தாக வேண்டும். வராத வீட்டுக் கதவை நானே போய்த் தட்டினேன். ஒரு மேஜை போட்டு, உடைந்த டியூப்லைட், ரிமோட் பேட்டரி, பாதரசம் வைத்த ஜுரம் பார்க்கிற கருவி, காலாவதியான மாத்திரை, கொசு மருந்து டப்பா, பாத்ரூம் ஆசிட் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். "இதெல்லாம் குப்பை இல்லை, விஷம். காய்கறித் தோலோடு இதைக் கலக்கிறவன் அடுத்தவன் சோற்றில் மண் போடுகிறவன்" என்றேன். நன்றாகக் கேட்டார்கள். ரங்கபாஷ்யம் சார் என்று பேங்க்கில் ரிட்டயர் ஆனவர், "என் காது மெஷின் பேட்டரி ஒரு பொட்டு அளவுதாம்மா இருக்கு, அதுவும் விஷமா?" என்று கேட்டார். "விஷம்தான் சார், காதில் விழுந்ததா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது மாடிக்காரி, "போன தீபாவளி மத்தாப்பு நாலு பெட்டி இருக்கு, அது விஷமா சொத்தா?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நேரம் போகிறதென்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

ஊசிக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு எடுத்தேன். எங்கள் அடுக்குமாடியில் ஏழு வீட்டில் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊசிகள் எங்கே போகும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? நான் யோசித்தேன். கெட்டியான பாட்டிலில் சேர்த்து வையுங்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது, நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றுங்கள், வெள்ளிக்கிழமை காலை தனக்கொடி கதவைத் தட்டும்போது 'ஊசி' என்று வாயைத் திறந்து சொல்லி அவள் கையில் கொடுங்கள். சனிக்கிழமை இதற்கென்று தனி வண்டி வரும், அதில் ஏற்றிவிடுவாள். இவ்வளவுதான். ஐந்து வயசுப் பிள்ளைக்குப் புரியும். ஆங்கிலத்தில் அழகாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு லிஃப்டில் ஒட்டினேன்.

இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சின்னப் பெண்தான், என் மகள் வயசு இருக்கும், அவள் கேட்கிறாள், "குப்பை எடுக்கிறவங்களுக்கு ஏதாவது கத்துக் குடுத்தீங்களா?" என்று. தனக்கொடிக்கு எதற்கு வகுப்பு? கொடுக்கிறவர்கள் ஒழுங்காகக் கொடுத்தால் வாங்குகிறவளுக்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது? வகுப்பு நடக்கும்போது தனக்கொடி அங்கேதான் இருந்தாள். நாற்காலி போட்டதும் அவள்தான், எடுத்ததும் அவள்தான்.

பூட்ஸ் விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், சியாமளா பேச்சைக் கேட்டு நீங்களும் தப்பாக நினைக்கக் கூடாது. பூட்ஸ் நான்தான் ஆர்டர் போட்டேன். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ். ஒன்பதாம் நம்பர்தான் இருக்கிறது என்றான், சரி அனுப்பு என்றேன். ரப்பர் பூட்ஸில் என்ன அளவு? மழைக்கோட்டு மாதிரிதானே. நாலு நாள் போட்டாள், ஐந்தாம் நாள் மீட்டர் ரூமில் கழற்றி வைத்துவிட்டாள். ஏன்டி என்றால், "உள்ள காலு நீந்துதும்மா. மிதிச்சா பூட்ஸ் மட்டும் ஒரு பக்கம் திரும்புது, நான் ஒரு பக்கம் போறேன்" என்றாள். எல்லாவற்றிற்கும் ஒரு சாக்கு. அதை நான் சொல்லலாம், நான் அவளுக்காகப் பாடுபட்டவள். சியாமளா சொல்லக் கூடாது.

மிதிப்பது என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? எனக்கும் தெரியாது, பிறகுதான் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே பாட்டிலுக்கென்று ஒரு சாக்குப்பை. வியாழக்கிழமை மத்தியானம் அவள் அதைக் கொட்டி, ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகி, காற்றை விட்டு, குதிகாலால் ஒரே மிதி மிதித்துத் தட்டையாக்குவாள். அப்போதுதான் சாக்கில் அடங்கும், பழைய சாமான் கடைக்காரன் எடுப்பான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்கிறாளாம். அந்த வியாழக்கிழமை ஒரு பாட்டில் மூடி திறக்கவில்லை. டேப் சுற்றி இறுக்கியிருந்தது. திறக்கவில்லையே என்று ஓங்கி மிதித்திருக்கிறாள். மசியவில்லை. இன்னொரு மிதி. பாட்டில் வெடித்து, உள்ளே இருந்த ஊசி ரப்பர் செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறிவிட்டது.

பிடுங்கிப் போட்டுவிட்டு, குழாயில் காலைக் கழுவிவிட்டு, மிச்சப் பாட்டிலையும் மிதித்து முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நொண்டிக்கொண்டு வந்தாள், நான் பார்த்துக் கேட்டதால் தெரிந்தது. "ஏன்டி அன்னிக்கே சொல்லலை?" என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னதைக் கேளுங்கள். "டேப் சுத்தியிருந்ததும்மா, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. அப்ப தப்பு என்னோடதுதானே?"

காரில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, யாருடைய ஊசி? இரண்டாவது கேட்டது, ஏன் இரண்டு நாள் கழித்து வந்தீர்கள்? என்னைத் திட்டினாள். நானும் திட்டினேன். எச்.ஐ.வி. இருக்கலாம், ரத்தத்தில் வருகிற மஞ்சள் காமாலை இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், யாருடையது என்று தெரியாத ஊசிக்கு எல்லாவற்றையும் யோசித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தாள்.

பையை ஏன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்? இல்லை, பரவாயில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த பெஞ்சில் உட்கார்ந்தால் ஒட்டாது. தொட்டால் வராது, ஒரு தட்டில் சாப்பிட்டால் வராது. இதை நான் இந்த ஆறு வாரத்தில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தனக்கொடியின் தங்கச்சியிடம் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். தனக்கொடிக்கு ஒரு பெண் குழந்தை, கனிஷ்கா, ஐந்து வயசு. ஊசி விஷயம் காதில் விழுந்ததும் தங்கச்சிக்காரி வந்து பிள்ளையைத் துவாக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "ஒண்ணுமில்லைன்னு பேப்பர் வரட்டும்க்கா, அப்புறம் அனுப்புறேன்" என்றாளாம். நான் போய் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், காபி கொடுத்தாள், பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

தனக்கொடி தினம் போனில் பிள்ளையோடு பேசுகிறாள். "இன்னிக்கு யாரு தலை சீவிவிட்டா? ரெட்டைச் சடையா, ஒத்தைச் சடையா?" அதையே கேட்பாள். மாத்திரை வயிற்றைப் புரட்டும், பேச்சுக்கு நடுவில் போனை வைத்துவிட்டு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் சடையைப் பற்றிக் கேட்பாள். மாத்திரை முடிந்துவிட்டது. ஆனால் இனி மூன்றாம் மாதம் ஒரு பரிசோதனை, ஆறாம் மாதம் ஒரு பரிசோதனை. அது வரைக்கும் சுத்தம் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்களாம். ஒரே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த ஊசி யாருடையதோ அவர் ரத்தம் கொடுத்து, அது சுத்தம் என்று வந்துவிட்டால் இவள் பயப்பட வேண்டியதில்லை, அலைய வேண்டியதில்லை, பிள்ளையை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். டாக்டரம்மா எழுதியே கொடுப்பாள்.

அதனால் வீடு வீடாக ஏறினேன். அங்கேதான் இந்த வெள்ளிக்கிழமைக் கதை தெரிந்தது. கேட்டால் நம்ப மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஊசி வெளியே போகக் கூடாதாம். லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அதுவும் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வருமாம். தையல் ஊசிக்குச் சொன்னது சர்க்கரை ஊசிக்கும்! ஆறு வீட்டிலும் இதே பதில். பி.ஈ. படித்தவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அவனும் இதையே சொல்லி நெளிகிறான். அதனால் எல்லோரும் என்ன செய்திருக்கிறார்கள்? நான் சொன்னபடி பாட்டில் வைத்தார்கள், நான் சொன்னபடி டேப் சுற்றினார்கள், வியாழக்கிழமை காலையிலேயே சத்தம் போடாமல் இறங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே பாட்டில் சாக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் கையிலும் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்னு வகுப்பிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன். அந்த பி.ஈ. பையனின் மனைவி, "உங்ககிட்ட எப்படி ஆன்ட்டி சொல்றது? நீங்க கத்துவீங்க" என்கிறாள். நான் கத்துவேனாம். கத்தினேன். பின்னே என்ன செய்வது?

ஆனால் ஒன்று, ஆறு வீட்டுக்காரர்களும் ரத்தம் கொடுத்தார்கள். கொடுக்க வைத்தேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், நான் வெளியே நின்று பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தேன். ரங்கபாஷ்யம் சார் முதல் ஆளாகப் போய்க் கொடுத்தார். சியாமளாவின் மாமனாருக்கு எண்பத்தோரு வயசு. "இந்த வயசுல எனக்கு அந்த நோய் இருந்தா எனக்குப் பெருமைதாம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சியாமளா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆறு பேப்பரும் வந்தன. ஆறும் சுத்தம்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. சாதம் வடித்தேன், துணி மடித்தேன். இப்போதும் அப்படித்தான், அழுகை வருவதில்லை. கோபம் வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது.

ஏழு வீடு என்று சொன்னேனா? ஆமாம், ஏழாவது நாங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமாக இன்சுலின். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, வகுப்பு எடுத்தவள் வீட்டிலேயே தப்பு நடக்குமா? எங்கள் பாட்டில் வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும். துணிக்கு வாசனை ஊற்றுகிற நீலப் பாட்டில், நல்ல கெட்டி. வகுப்பில் நான் தூக்கிக் காட்டினதே அதைத்தான். தனக்கொடியும் நீலம் என்றுதான் சொல்கிறாள், "துணிக்கு ஊத்துவாங்கல்லம்மா, அந்தப் பாட்டில்" என்று. நான் காட்டினதைப் பார்த்து யாராவது அதே மாதிரி வாங்கியிருப்பார்கள். மற்ற ஆறு பேரும் தண்ணீர் பாட்டில், தேன் பாட்டில், பவுடர் டப்பா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதையெல்லாம் நம்ப முடியுமா? அந்த வெள்ளிக்கிழமை காலையில் குனிந்து பார்த்தேன், எங்கள் பாட்டில் அங்கே இல்லை. தனக்கொடி வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் லீவு என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதனால் என்ன? ஒரு பாட்டில் எங்கேயும் போகலாம்.

இவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. சாமி பக்தி உண்டு, வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்ட மாட்டார், அது வேறு விஷயம். மிகவும் ஒழுங்கான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். பதினோரு வருஷம் ராய்ப்பூரில் தனியாக வேலை பார்த்தார், பிள்ளைகள் படிப்புக்காக நான் இங்கேயே இருந்துவிட்டேன். ஒரு காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் போன் செய்தது கிடையாது.

சியாமளா அன்றைக்குக் கூட்டத்தில் பூட்ஸோடு நிறுத்தவில்லை. நான் நாக்கைப் பற்றிச் சொன்னதும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க மாமனார் உட்பட ஆறு பேர் பேப்பரும் உங்க கையில இருக்குல்லக்கா? ஏழாவது வீட்டுப் பேப்பர் எங்க?" என்றாள். நாற்பத்திரண்டு வீடும் திரும்பிப் பார்த்தது. இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அது கேள்வியே இல்லை.

இவரிடம் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, "பார்க்கலாம்" என்றார். இரண்டாவது தடவை, "நம்ம ஊசி இல்லைன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்ற? அப்புறம் எதுக்கு?" என்றார். சரியான கேள்விதானே? மூன்றாவது தடவை எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. இப்போதெல்லாம் ஊசியை அவரே பின்னறையில் போட்டுக்கொள்கிறார், அவரே எங்கேயோ கொண்டுபோய்ப் போடுகிறார். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். இருக்கலாம், பெரிய ஃபேன்.

போன தடவை வந்தபோது டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமேம்மா" என்றாள். எனக்கு எதற்கு? என் காலிலா குத்தியது? இந்தக் காலத்து டாக்டர்களுக்கு யாரைப் பார்த்தாலும் ரத்தம் எடுக்க வேண்டும்.

தனக்கொடி இது வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேற்று மட்டும் நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்றாள். "ஆறு மாசம்னா தை பொறந்துரும்ல அம்மா? பிள்ளைய ஸ்கூல்ல அங்கயே சேர்க்கப் போறேங்குறா தங்கச்சி. சேர்த்துட்டா அப்புறம் அது வராது. அது அவளைத்தான் இப்ப அம்மாங்குது" என்றாள். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கையிலிருந்த தட்டையே தேய்த்துக்கொண்டு நின்றேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. இவர்தான். எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார்.

ஹலோ. இல்லைங்க, இன்னும் கூப்பிடலை. அவளுக்கு முன்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. வாட்ச்மேன் வண்டிய எடுக்கச் சொல்றானா? எடுத்து அந்த வேப்பமரத்துக்கிட்ட போடுங்க... இருங்க, வச்சிடாதீங்க. கேளுங்க. வண்டியைப் போட்டுட்டு மேல வாங்க. முதல் மாடி, எட்டாம் நம்பர் ரூம். ரெண்டு நிமிஷ வேலை. நம்ம ஊசி இல்லைன்னு எனக்குத் தெரியும், அது தெரியும். அதுக்கில்ல. ஒரு பேப்பர் இருந்தா அந்தப் பிள்ளையை இன்னிக்கே போய்க் கூட்டிட்டு வந்துடலாம், காருலயே போயிட்டு வந்துடலாம், துவாக்குடி என்ன தூரமா... நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பேப்பர்ல என்ன வந்தாலும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், கத்த மாட்டேன். லைன்லதானே இருக்கீங்க? ஏசி சத்தம் கேக்குதே. மேல வாங்களேன். என்னங்க... மேல வாங்களேன்.